துண்டுக்கு அடியில் மூன்று விரல்

என் அண்ணனின் வலது கை விரல்கள் மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் என்றார் கோகுல். விரல் ஒன்றுக்கு ஐயாயிரம். சங்கரன்கோவில் ஆட்டுச் சந்தையில் அந்த விலைக்குப் பல் போடாத குட்டிதான் கிடைக்கும். அதையும் வாயைத் திறந்து பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் விலை சொன்னார்கள்.

என் தரகுக் கடையில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவன் அருண்குமார், செல்போன் கடைக்காரன், ஆறு வயது அனுவின் தகப்பன். இன்னொருவர் சமரசம் பேச வந்த கோகுல். மூன்று வருஷம் முன்பு கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் சொந்தச் சித்தப்பா மகன் தோளில் அரிவாளை இறக்கியவர். ஜாமீனில் இருக்கிறார். ஊரில் கேட்டுப் பாருங்கள், "தங்கமான மனுசன், கோவம் மட்டும் கொஞ்சம் வரும்" என்பார்கள். கோயில் கொடைக்கு வரி பிரிக்க வந்தால் நாற்காலி போடுவார்கள். என் அண்ணன் மூக்காண்டி புத்தி பேதலித்த இந்தப் பதினோரு வருஷத்தில் யாரையும் ஒரு தட்டுத் தட்டியதில்லை. அவனைக் கண்டால்தான் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணனும் தரகன்தான். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம். கைகள் மேல் துண்டைப் போட்டு, அடியில் எதிராளியின் விரலைப் பிடிப்போம். பிடித்த விரல் ஒவ்வொன்றும் ஓர் ஆயிரம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்று அண்ணன் சொல்லத் தொடங்கியதும் தொழில் போயிற்று. மாசாமாசம் பெரியாஸ்பத்திரி மாத்திரை வந்தது. துண்டு மட்டும் தோளைவிட்டு இறங்கவில்லை. தெருவில் போகிறவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு, இல்லாத ஆட்டுக்கு விலை சொல்வான். "என்ன வே, இன்னைக்குக் கெடா வெல சாஸ்தியா இருக்கே" என்று சந்தை ஆட்கள் ஒரு விரல் குறைத்துப் பிடிப்பார்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.

போன வாரம் எல்லார் செல்போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். நூறு பேராம், பைத்தியக்கார வேஷமாம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம், செல்போன் கடை வாசலில் நின்ற அனுவின் கையைப் பிடித்து அண்ணன் துண்டைப் போட்டான். எவனோ கூப்பாடு போட்டான். கூடியவர்கள் பதினோரு பேர். பிள்ளையைத் தொட்ட கை எது என்று விசாரித்து, அதைப் படிக்கட்டில் வைத்து, ஷட்டர் கம்பியால் அடித்தார்கள். சந்தையில் எலும்பு வெட்டுகிறவன்கூட அத்தனை நிதானமாக வெட்டமாட்டான். கடைக் கேமராவில் பதிந்ததை வெட்டியெடுத்து, "நம்ம ஊர்ல புள்ள புடிக்கிறவன் மாட்டிக்கிட்டான்" என்று தன் குரலையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டது அருண்குமார்.

கடையில் கோகுல் பதினைந்து என்றதும் நான் டீக்கு ஆள் அனுப்பினேன். முதலில் விலை சொல்லி வாய் திறப்பவன் தோற்பான் என்பது எங்கள் தொழில் பாடம். கோகுல் இருபத்தைந்துக்கு வந்தார். டீ வந்தது. நாற்பதுக்கு வந்தார்.

"என்னதான் வே ஒம்ம வெலை?"

"ஒரு வார்த்தை. அதே குரூப்புல, அதே கொரல்ல. மூக்காண்டி புள்ள புடிக்கிறவன் இல்ல, நாங்கதான் தப்பா அடிச்சிட்டோம்னு இவன் சொல்லணும்."

திங்கட்கிழமை அண்ணனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 'கொழந்தைங்க இருக்கிற தெரு, இங்கன கூட்டிட்டு வராதீங்க' என்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் அண்ணன் மனைவி பேச்சி மதினியிடம் சொல்லியிருந்தார். அருண்குமாரின் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அண்ணன் தெருவில் இறங்கினால், அடுத்து யார் கையையாவது பிடிப்பான். அடுத்த கம்பி கையோடு நிற்காது.

அருண்குமார் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாப்பா சிரிச்சிக்கிட்டுதான் நின்னா அண்ணாச்சி. அவளாத்தான் துண்டுக்குள்ள கைய விட்டா. கேமராவுல முழுசா பெறவுதான் பாத்தேன்."

"அதைத்தான் சொல்லச் சொல்லுதேன்."

"அம்பது தாரேன். அது மட்டும் கேக்காதீங்க. பதினோரு பேரும் மாட்டிக்கிடுவோம்லா."

கோகுலுக்குக் கோபம் கொஞ்சம் வந்தது. "பைத்தியத்த வீட்டுல கெட்டிப் போட்டிருந்தா இது நடந்திருக்குமா வே?"

"ஒம்ம எங்க கெட்டிப் போட்டாவ?"

அவர் எழுந்துவிட்டார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்த சமாதானத் தாளை மேஜைமேல் வைத்து, "நாளைக்குள்ள கையெழுத்து வரலேன்னா கடத்தல் கேசு குடுப்போம். பைத்தியம் சொல்லுதத எவன் கேப்பான்?" என்றார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் மதினி அண்ணனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் சட்டைப் பையில் தாள் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"சொல்லுவானா?"

"அம்பது வரைக்கும் வந்துட்டான் மதினி."

"அது கெடக்கட்டும். சொல்லுவானா?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அண்ணன் இடது கையால் என் தோள் துண்டை உருவினான். எங்கள் கைகள்மேல் போட்டு, கட்டுப் போட்ட வலது கையை உள்ளே நுழைத்தான். நடுவிலிருந்த மூன்றும் மாவுக்கட்டுக்குள். மிஞ்சின பெருவிரலும் சுண்டுவிரலும் தடவித் தடவி என் விரல் ஒன்றைப் பிடித்தன. ஓர் ஆயிரம். எந்தக் குட்டிக்கும் ஐந்துக்குக் குறையாமல் தொடங்குகிறவன்.

அடித்தவர் பதினோரு பேர், வழக்கு ஒன்றும் இல்லை. அடிபட்டவன் ஒருவன், வழக்கு தயார். ஐம்பதாயிரம் பேச்சில் நிற்கிறது. கேட்ட வார்த்தை ஒன்று, பாக்கி. துண்டுக்கு அடியில் என் விரலை விடாமல், நான் திருப்பி விலை சொல்வதற்காக அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.