இருபத்து நாலாவது மெழுகுவத்தி

பூனாவில், போபோடியில் இருந்த எங்கள் பிள்ளைகள் இல்லத்தில் தொண்டு செய்ய 1978இல் ஸ்வீடனிலிருந்து ஆனிகா வந்தாள். ஜூன் ஒன்றாம் தேதி கேம்ப் கடைத்தெரு பேக்கரியிலிருந்து ஒரு பெரிய கேக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ரிஜிஸ்டரைப் பார்த்தாளாம், எங்கள் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் இன்றுதான் பிறந்த நாளாம்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஜூன் ஒன்று என்று போட்டுப் பள்ளியில் சேர்ப்பதுதான் வழக்கம். போட்டதே வார்டன் நான்தான். அதைப் பிள்ளைகள் எதிரிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனிகா முகம் சிவந்து நின்றாள்.

ஏழு வயது ஜெபமணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ கேக்கைத் திருப்பிக் குடுத்துருவீங்களா, ஈனிட் அக்கா?"

அதற்கு மேல் என்னால் முறைக்க முடியவில்லை. மெழுகுவத்திகளை நானே ஏற்றினேன். இருபத்து நாலு இருந்தன.

"ஒன்று அதிகம்" என்றேன் ஆனிகாவிடம்.

"பழைய பக்கத்தில் உங்கள் பெயரும் இருந்தது" என்றாள்.

நானும் இதே இல்லத்தில் வளர்ந்தவள். எனக்கும் யாரோ போட்ட தேதிதான்.

பிள்ளைகள் ஊதி முடித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை நோக்கி ஜெபமணி மறுபடி குனிந்தாள்.

"ஏய், தள்ளு. அது என்னுது."