திருநாவுக்கரசு பேருக்கு ஒரு பூசை

1

வலது தோள் குத்துகிறது. பதினைந்து வருடம் சிமென்ட் மூட்டை சுமந்த தோள்; நாலு வரி எழுதினாலே முறைக்கிறது. ‘இந்தக் கதை ஜெபத்தில் பிறந்தது’ என்று முதலில் எழுதினேன். பொய். வெட்கத்தில் பிறந்தது.

ஷாதிபூரில் அன்று கடல் அமைதியாக—

(விட்டுவிட்டேன். கடலுக்கு இதில் வேலையில்லை.)

2

எல்லாம் கப்பலில் வந்து இறங்கும் எங்கள் தீவில், ஷாதிபூரில், பிரகாசம் கொத்தனார்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். ரெண்டு வருடம் முன்பு ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்தது. மூன்றாம் மாடி உயரத்திலிருந்து திருநாவுக்கரசு விழுந்து செத்தான்.*

சாரம் கட்டிய கயிறு இத்துப்போயிருந்ததைக் காலையிலேயே பிரகாசம் பார்த்திருந்தார். “புதுக் கயிறு கப்பல்ல வரணும். அதுவரைக்கும் இத வச்சே சலாவோ, ஓட்டு” என்றிருந்தார் கான்ட்ராக்டர். ஆள் செத்த பிறகு, “குடிச்சிருந்தான், ஹைனா, அப்படித்தானே?” என்றார். பிரகாசம் தலையாட்டினார். அடுத்த மாதம் சூப்பர்வைசர் நாற்காலி வந்தது. உட்கார்ந்தார். நாற்காலி சுகமாகத்தான் இருந்தது.

கயிற்றைக் கட்டியவன் யார் என்பது கதைக்கு அவசியமில்லை என்று—

* ஏறச் சொன்னது பிரகாசம். இதை அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய வரி.

3

மாதம் தவறாமல் அவர் கோவிலில் பூசைக் கருத்து, அதாவது இன்னாருக்காக வேண்டுங்கள் என்ற சீட்டு, எழுதிக் கொடுத்தார். “திருநாவுக்கரசின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று வாசிப்பார்கள். இந்து ஆளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று சனம் திரும்பிப் பார்க்கும். பிரகாசம் கண்ணை மூடிக்கொள்வார். அதோடு தீர்ந்தது என்றிருந்தார்.

அவர் மனைவி ஞானசெல்விதான் கேட்டாள்: “ஆண்டவருக்கு மாசாமாசம் மனு போவுது. அவன் பொஞ்சாதி ஜெயலட்சுமி வீடு நாலு வீடு தள்ளி. அங்க போவ மட்டும் கப்பல் டிக்கெட் கெடைக்கலியோ?”

4

பெயர் வாசிக்கிற செய்தி எப்படியோ ஜெயலட்சுமிக்கும் போனது. ஒரு ஞாயிறு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கோவில் வாசலில் நின்றாள். உள்ளே எல்லோரும் பாவத்தை அறிக்கையிட்டு நெஞ்சில் தட்டும் நேரம். பிரகாசம் வாராவாரம் தட்டுகிறவர்தான், சட்டையில் சிமென்ட் தூசி தட்டுகிற மாதிரி. அன்று அவளைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

(முதல் வரைவில் இங்கே ஓர் ஒளி வந்தது. அடித்துவிட்டேன். வந்தது வியர்வை.)

“ஆண்டவரே, பயமாருக்கு. நீரும் கூட வாரும்” என்று முணுமுணுத்தார். அவரிடம் வேலை பார்த்தவன் நான்; பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பயம் போகவில்லை, பயத்தோடேயே நடந்தார். ஆனால் தனியாகப் போகிற ஆளின் நடை இல்லை அது. நானும் பின்னால் போனேன், நாலடி தள்ளி.

“எங்க வீட்டுக்காரர் பேர எதுக்குண்ணே இங்க படிக்கிறீங்க?”

“அவன் குடிச்சிருக்கல, தங்கச்சி. கயிறு இத்துக் கெடந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏறச் சொன்னேன். எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்.”

(ஒரு வரைவில் அவள் அறைந்தாள். இன்னொன்றில் மன்னித்தாள். நடந்தது வேறு.)

“எம் பொண்ண ஸ்கூல்ல ‘ஷராபி கி பேட்டி’ன்னு கூப்புடுறாங்கண்ணே. குடிகாரன் மகளாம். ரெண்டு வருஷமா.” செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். “கயிறு கட்டுனது யாரு?”

பிரகாசம் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அத அவன்தான் சொல்லணும்.”

5

உண்மையைச் சொன்னதற்குப் பிரகாசத்துக்கு வேலை போயிற்று. இப்போது கப்பலேறிப் போய் இன்னொரு தீவில், ஹட் பேயில், கூலிக்குக் கல் சுமக்கிறார். நன்றாகத் தூங்குகிறாராம்.

மூன்று முடிவு வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் அந்த நாலு வீடு தள்ளி, ஜெயலட்சுமி வீட்டுக்கு நடக்கிறேன். ஒன்றில் இதை அச்சில் பார்த்துவிட்டு அவளே வருகிறாள். மூன்றாவது, கதையாக எழுதியதோடு தீர்ந்தது என்றிருந்துவிடுவது. அது என் பூசைக் கருத்து.

எதை வைப்பது என்று நீங்களே பாருங்கள். எதை வைத்தாலும் ஜெயலட்சுமியின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டிய பாக்கி இதுதான்: இத்துப்போனது தெரிந்தே அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான்.