பின்னால் நீட்டிய கை

காலைப் பயிற்சியில் தொடர் ஓட்டக் கட்டை கைமாறும்போது கீழே விழுந்தது. குருவி குனிந்து எடுத்தாள். நெட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம் இறுதிப் போட்டி.

தொடர் ஓட்டத்தில் கட்டையை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் குரல் கொடுத்ததும் கையை நீட்ட வேண்டும். பள்ளியின் பொதுமொழியில் "எடு" என்று பொருள்படும் சொல்லைக் கத்தினால் நெட்டைக்குக் கை நீளச் சற்றுத் தாமதமாகும். அதனால், தன் அம்மா சோற்றுத் தட்டை நீட்டும்போது சொல்லும் "இந்தா"வை நெட்டை குருவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். குருவி வீட்டில் வேறு பாஷை. அவள் வாயில் அது "இன்டா" ஆனது. ஆனாலும் நெட்டையின் கை தானாக நீண்டது, அரையிறுதியை வென்றார்கள்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் நெட்டையின் சித்தி மகள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "இன்டா, இன்டா... பாவம்டி நம்ம பாஷை, கையக்கால உடைச்சிட்டா" என்றாள். தமிழ் பேசும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும் சிரித்தாள். தட்டோடு பின்னால் வந்து நின்ற குருவி, வேறு மேசைக்குப் போய்விட்டாள். இன்று காலை அவள் கத்தியது பொதுமொழியின் "எடு"தான்.

"சும்மாதான் சிரிச்சேன்" என்றாள் நெட்டை, போட்டிக்குச் சற்று முன், மைதான வேலியோரம்.

"தெரியும். எல்லாரும் சும்மாதான் சிரிக்கிறாங்க." குருவி ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

நெட்டைக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாளில் தான் கேட்கவே இல்லை என்று.

"உங்க வீட்ல தட்டை நீட்டும்போது என்ன சொல்வாங்க?"

குருவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். அடித்தொண்டையிலிருந்து எழும் குட்டிச் சொல். நெட்டை சொல்லிப் பார்த்தாள். விக்கல் போல வந்தது. இன்னும் உரக்கச் சொன்னாள். வேலிக்கு அப்பால் சித்தி மகள், "ஏய், உனக்கு என்னடி ஆச்சு? தண்ணி குடி" என்றாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெட்டை நிறுத்தவில்லை. காது சிவக்க மறுபடி மறுபடி சொன்னாள்.

குருவி சிரிக்கவில்லை. "நாக்கை உள்ள இழு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

விசில் ஒலித்தது. மூன்றாவது வளைவில் குருவி முந்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நெட்டை முன்னால் திரும்பி ஓடத் தொடங்கினாள். வேலியோரம் ஒரே கூச்சல். அதற்குள்ளிருந்து அந்தக் காலடிச் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. எந்தச் சொல் வரும் என்று தெரியவில்லை. எதுவும் வருமுன்பே அவள் கை பின்னால் நீண்டிருந்தது, விரல்கள் விரிந்து.