எண்ணெய்த் தீயும் அத்தையின் குடமும்

கெடாரில் எங்கள் தெரு முழுக்க முன்பு கூரை வீடுகள்தான். தீ என்றால் தண்ணீர்க் குடத்தோடு ஓடுவது எல்லோருக்கும் பழக்கம். வீடுகள் மாடியாகிவிட்டன, பழக்கம் மாறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுடும்போது அம்மாவின் எண்ணெய்ச் சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது. அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு இருதயமேரி அத்தை குடத்தோடு ஓடிவந்தாள். நான் சமையலறை வாசலை மறித்தேன்.

"தள்ளுடி, வூடு எரிஞ்சிக்கினு கீது!"

"ஊத்துனா எண்ணெ தெறிச்சி அம்மா மூஞ்சிதான் வேகும். கொடத்த கீழ வையி!"

அம்மாவைப் பின்னால் இழுத்துவிட்டு, கேஸை அணைத்தேன். பெரிய எவர்சில்வர் தட்டைச் சட்டியின் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளி மூடினேன். தீ அடங்கியது.

உடனே அத்தை தட்டைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினாள்.

"தொறந்தா திரும்பப் பத்திக்கும். நல்லா ஆறட்டும்."

"நீ படிச்சது வாயடிக்க மட்டுந்தான்னு நெனச்சேன்டி."

"அந்த வாய் இல்லன்னா நீ ஊத்தியிருப்ப, அத்த."