ஸ்டூடியோக்காரர் வீட்டுத் தாடை

பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கு, திருத்த முடியாத முகம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மாமியாரோடு சண்டை போட்ட களைப்பு எல்லாவற்றையும் மவுஸால் துடைத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் படத்தை வாங்கிப் பார்த்து, "இது நான்தானா?" என்பார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் அன்று பல் டாக்டரின் அறையில், மனைவிக்குப் பக்கத்தில், மகளுடைய பழைய படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வயது மகள், வீட்டில் அவள் பெயர் வாலு, நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். கடிக்கச் சொன்னால் அவளுடைய கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து நின்றன. கியூவில் இடையில் புகுந்தவர்களைப் போலக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நின்றன.

"மேல்தாடை வளர்ச்சியில பின்தங்கியிருக்கு. வளர்ற வயசுதானே, முகத்துக்குக் கம்பி வச்ச மாஸ்க் மாட்டி முன்னால இழுத்துடலாம். தள்ளிப்போட்டா எலும்பு இறுகிடும். அப்புறம் பெரியவளானதும் ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா. "பழைய படம் கேட்டேனே?"

ஸ்டூடியோக்காரர் படங்களை மேஜைமேல் பரப்பினார். பிறந்தநாள், பள்ளி விழா, கடற்கரை. டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"போன வருஷம் வரைக்கும் தாடை இவ்வளவு அழகா இருந்திருக்கே! ஒரே வருஷத்துல இப்படின்னா இது சாதாரண கேஸ் இல்ல. மாஸ்க்கை நிறுத்தி வைப்போம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்க்கட்டும். அங்க நாள் கிடைக்கவே மாசக்கணக்காகும்."

"ஸ்கேனா?" மனைவி பதறினாள். "சின்னதுல இருந்தே இவளுக்கு இப்படித்தான் டாக்டர்!"

"தினமும் பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதும்மா. போட்டோ பொய் சொல்லாது."

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஸ்டூடியோக்காரர் மேஜைமேலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். மகளிடம் குறை கண்டு திருத்தியவரல்ல அவர். அது அவருடைய தாடை. தன்னுடையதை அடர்ந்த தாடிக்குள் பத்திரப்படுத்தியவருக்கு, அவளுடையதைப் படத்திலாவது உள்ளே தள்ளிவைக்கத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டுக்குத் திருத்தி அனுப்பிய தன் படம்வரை கிளறப்படும். சொல்லாவிட்டால் மகளுக்கு ஆபரேஷன்.

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"டாக்டர்..." தொண்டையைச் செருமினார். "அந்தத் தாடையெல்லாம் நான் செஞ்சது."

"நீங்க செஞ்சதா?"

"கம்ப்யூட்டர்ல."

"விழுந்த பல்லைக்கூட முளைக்க வச்சாரு டாக்டர்!" என்றாள் வாலு, பெருமை தாங்காமல்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். "பல்லை முளைக்க வைக்கிறவரு இங்க வந்து என்ன பண்றீங்க? எங்க, நீங்க கடிங்க பார்ப்போம்."

கடித்தார். தாடி மொத்தமாக ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

"சரிதான், பரம்பரை. மாஸ்க்கை இன்னைக்கே மாட்டிடலாம்."

"எனக்கும் ஒண்ணு மாட்டினா..."

"உங்க எலும்பு வளர்ந்து முடிஞ்சு காலமாச்சு. உங்களுக்கு மவுஸ்தான்."

மனைவி சாவகாசமாகக் கேட்டாள்: "அப்ப எங்க வீட்டுக்கு அனுப்பின படம்?"

அவர் அசடு வழிந்தார்.

"போதும், வழியாதீங்க. முதல்நாள் எங்க வீட்டுல பிஸ்கட் கடிச்சீங்களே, அப்பவே தெரியும். என்னைக்கு வாயைத் திறக்கிறீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்."

மாஸ்க் வந்தது. நெற்றிக்கு ஒரு மெத்தை, மோவாய்க்கு ஒரு மெத்தை, நடுவே ஒரு கம்பி. அந்தக் கம்பியிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்கள் வாய்க்குள் மேல்பற்களில் பொருத்திய கொக்கிகளைப் பிடித்து மேல்தாடையை முன்னால் இழுத்தன. பள்ளி விட்டு வந்ததிலிருந்து மறுநாள் எழும்வரை போட வேண்டும். வாலு கண்ணாடியைப் பார்த்தாள்.

"மூஞ்சிக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருக்கு. மாட்டேன்."

"குட்டிமா, கொஞ்ச நாள்தான்டா..."

"நான் மட்டும் தாடையை ஊருக்கே காட்டணும், நீங்க தாடிக்குள்ள ஒளிஞ்சுக்குவீங்களா? நீங்க எடுங்க, நான் போடுறேன்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

அன்று மாலையே தாடி போயிற்று. மாஸ்க்கோடு மகளும் மழித்த மோவாயோடு அப்பாவும் ஸ்டூடியோ ஸ்டூல்களில் உட்கார, மனைவி கேமராவை அழுத்தினாள். படம் திரையில் வந்ததும் அவருடைய கை தானாக மவுஸுக்குப் போயிற்று.

"அப்பா! கை!"

"ஒரே ஒரு பரும்மா..."

"இருக்கட்டும்."

படம் கடை வாசல் கண்ணாடிக்குள் ஏறியது. மறுநாள் வந்த முதல் வாடிக்கையாளர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"நானேதான்" என்றார் ஸ்டூடியோக்காரர், ஏற்கெனவே முன்னால் நின்ற தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி. "உங்களுக்கு எப்படி, உள்ளது உள்ளபடியா, திருத்தியா?"

வாடிக்கையாளர் ஒரு கணம் யோசித்து, "திருத்தியே குடுத்துடுங்க" என்றார்.