எட்டில் ஒரு பங்கு

தில்லை நகரில் அந்த அடுக்ககத்தில் மொத்தம் எட்டு வீடு. ஏழு வீட்டுக்காரர்கள் கட்டடத்தை இடித்துவிடலாம் என்றார்கள். இரண்டாம் மாடி சேஷு மட்டும் முடியாது என்றார். ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், விடாக்கண்டன். கோர்ட்டில் இரண்டு வருஷம் மல்லுக்கு நின்று தோற்றார். எட்டுப் பேரின் கூட்டு உரிமையை முடித்து, கட்டடத்தை இடித்து, மனையை விற்றுப் பிரித்துக் கொடுக்கும்படி தீர்ப்பாகிவிட்டது. இன்று காலை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

வழக்குப் போட்டது கீழ்வீட்டு அப்துல் ரஹீம். இருபத்தாறு வருஷமாக விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்து எட்டு வீட்டுக்கும் மோட்டார் போடுகிறவர். மகள் ரிஃபானா பிரசவத்துக்கு வந்திருந்தபோது கூரைப் பூச்சு பெயர்ந்து தொட்டிலில் விழுந்தது. நல்லவேளை, குழந்தை தாய் மடியில் இருந்தது. மறுவாரமே மனுஷர் வக்கீலைப் பார்த்தார். அன்றோடு சேஷு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சேஷுவின் பிடிவாதத்துக்குக் காரணம் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவி மாதுரிக்கு மூன்று வருஷமாகக் கண் தெரியவில்லை. சர்க்கரை வியாதி பறித்துக்கொண்டுவிட்டது. ஆனால் புழங்கிய வீடாயிற்றே, எந்த டப்பா எங்கே என்று அவள் கைக்குத் தெரியும். நாற்பது படி இறங்கி கேட்டில் பால் வாங்கி வருவாள். காலடி ஓசையை வைத்தே, "என்ன வஹீதா, சௌக்கியமா?" என்று ரஹீமின் மனைவியை விசாரிப்பாள். யாருக்குச் சந்தேகம் வரும்?

"என் கண்ணைப் பத்தி கோர்ட்டுல மூச்சு விடப்படாது. நாலு பேர் ஐயோ பாவம்னா எனக்கு உசிரே போயிடும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஆகவே வாத்தியார், கட்டடம் கல்லு மாதிரி இருக்கிறது என்றே வாதாடினார். இஞ்சினீயர் அறிக்கைக்கு முன்னால் அது எடுபடுமா? புது வீட்டில் இவள் இன்னொரு முறை கண்ணை இழப்பாளே என்ற பயம் அவரைத் தின்றது.

சாவி வாங்கக் கோர்ட் அனுப்பியிருந்த வக்கீல் கமிஷனர் தேவதர்ஷினி கீழே காத்திருந்தார். சேஷு இரண்டு பைகளோடு முன்னால் இறங்கினார். மாதுரி பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோவிலாழ்வார் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். பெருமாளை வேறொருவர் கையில் கொடுக்க மாட்டாளாம். சுவரைத் தொடக் கையில்லாமல் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில், காலி செய்து போனவர்கள் விட்டுவிட்ட அம்மிக்கல் கிடந்தது. சேஷு அதைத் தாண்டினாரே ஒழிய, சொல்ல மறந்தார்.

மாதுரி இடறி முழங்காலில் விழுந்தாள். பெட்டியை மட்டும் விடவில்லை.

ரஹீம் ஓடி வந்தார். "பாத்து வரக்கூடாதா மாமி! இவ்வளவு பெரிய கல்லு கெடக்கு!"

"பார்வை இருந்தாத்தானே பாய். போய் மூணு வருஷமாச்சு."

ரஹீம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேஸே போட்டிருக்க மாட்டேனே சார்!"

"போட்டதுதான் சரி" என்றாள் மாதுரி. "தொட்டில்ல விழுந்தது என்ன, பூவா?"

வஹீதா அழுதுகொண்டே அவள் முழங்கால் ரத்தத்தைத் துடைத்தாள். எந்தப் பரிதாபத்துக்கு அத்தனை பயந்தாளோ அது வந்தே விட்டது. மாதுரி தடுக்கவில்லை.

சேஷு கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் பார்த்திருந்த வாடகை வீட்டுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. கேட்டருகே மாதுரி நின்றாள்.

"ஏன்னா, நம்ம ஆத்துல விரிசல் இருக்கா?"

கோர்ட்டில் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு வருஷமாக இவளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்.

"இருக்கு."

"பெரிசா?"

"கை நுழையும்."

"எங்கே?"

"நீ படுத்துக்கற இடத்துக்கு நேர் மேலே."

"கோர்ட்டுல சொன்னேள், சரி. என்கிட்டயுமா?"

சேஷு பைகளைக் கீழே வைத்தார். வெட்கத்தில் தலை குனிந்து நின்றார்.

அவள் பெட்டியை இடது கைக்கு மாற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

"கையைக் குடுங்கோ. இந்த கேட்டுக்கு அந்தண்டை எத்தனை அடின்னு எனக்குத் தெரியாது."