பச்சோந்தி தின்ற ஈ

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தத் தடவை மட்டும் அது பிந்தி வந்தது. இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் ஒரு குஞ்சு அத்தனை பாடு பட்டிருக்காது.

என் வீட்டுக்காரர் வீரபாகுவுக்குத் தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துப் பக்கம் கருப்பட்டிக் கடை. பக்கத்தில் கருவாடு சேர்த்து வைக்கும் கிட்டங்கி. ஈக்குக் கேட்கவா வேண்டும்? எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம், சாத்தான்குளத்திலிருந்து வந்த ஓலைப்பெட்டிகளோடு ஒரு பச்சோந்திக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். லாரிக்காரன் அடித்துப் போடச் சொன்னான். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு, ஒரு முருங்கைக் கொப்பை மண்சட்டியில் நட்டு, கடை ஜன்னலில் வைத்து, குஞ்சை அதில் ஏற்றிவிட்டேன். பிள்ளையைக் கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று கேலி பேசினார்கள். பேசட்டும். காலையில் வெயில் பட்டதும் அது இளம்பச்சையாகிவிடும். நாக்கை நீட்டியது தெரியாது, உட்கார்ந்திருந்த ஈயைக் காணாது. அவருக்கும் சந்தோஷம்தான். வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகும் அது மண்நிறமாகவே கிடந்தது. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மூடிய கண் இரண்டும் உள்ளே குழிந்திருந்தன. அவரிடம் சொன்னேன். நிறம் மாறுவதுதானே அதன் பிழைப்பு, இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயே என்றார். அங்கேதான் நானும் ஏமாந்தேன். நம் வீட்டில் ஒருவருக்கு முகம் கறுத்தால் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். பச்சோந்தி கறுத்தால் அது அதன் குணம் என்று விட்டுவிடுகிறோம்.

மத்தியானம் நாக்கை நீட்டியது. எதிரே இருந்த ஈயை எட்டவில்லை. மறுபடி நீட்டியது, பாதியில் தொங்கிவிட்டது. பசியில் சோர்ந்துவிட்டது என்று நினைத்து நானே ஈ பிடித்து ஊட்டினேன். அன்றைக்கு ஈக்கள் கையில் சுலபமாகச் சிக்கின. பறக்காமல் தரையில் சுற்றிச் சுற்றி வந்தன. புத்தி இருக்கிற எவளும் ஏன் என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. ஏழெட்டு ஈயை அதன் வாயில் வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் அது கொப்பிலிருந்து விழுந்து கிடந்தது. விரலில் ஏற்றினால் பிடிக்கக் காலில் பலம் இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. ஓர் ஓலைக் கொட்டானில் துணியை விரித்து அதை வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். ஆடும் மாடுமாய் நின்ற கூட்டத்தில் என் கொட்டானைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. டாக்டர் கிருபை மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஜீவனுக்கு இதுவரை வைத்தியம் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார், என்ன தின்றது என்று கேட்டார். ஈ சுலபமாகக் கையில் சிக்கியதைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"மருந்து தின்ன ஈதான் அப்படிச் சிக்கும். கடையில யாரும்மா மருந்து வச்சது?"

"ஒருத்தரும் வைக்கல டாக்டர். தின்னுத சாமான் விக்கிற எடம் அது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. அது பாத்திரத்துத் தண்ணீரைக் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், அதனால் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். கடை ஈ ஆகவே ஆகாது, தேறினால் புல்லில் பிடித்த வெட்டுக்கிளி கொடு என்றார். பிழைப்பது உறுதியில்லை என்பதையும் சொன்னார். வாசல்வரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, அந்த ஈயெல்லாம் சாகிறதுக்கு முன்னால் வேறு எதில் உட்கார்ந்தது என்று யோசித்துப் பார் என்றார்.

வழி நெடுக யோசித்தேன். கடைக்குள் நுழைந்ததும் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். மூலையில், பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அதில் கருப்பட்டிப் பாகு, பாகில் மூட்டைப்பூச்சி மருந்தின் நாற்றம். சுற்றிலும் ஈ செத்துக் கிடந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளித்தான் விற்பனைக்குத் திறந்து வைத்த பெட்டி.

தட்டோடு முன்பக்கம் வந்தேன். மணப்பாட்டு ஹில்டா அக்கா நின்றுகொண்டிருந்தார். பிள்ளை பெற்ற மகளுக்கு மருந்து கிண்டக் கருப்பட்டி வேண்டுமாம். எங்கள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. திறந்த பெட்டியில் ஒரு துண்டை உடைத்து, பாதியை விற்கிறவர் தின்றுவிட்டு, மறு பாதியை வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். கலப்படம் இல்லை என்பதற்கு அதுதான் சத்தியம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் என் வீட்டுக்காரர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் துண்டை உடைத்தார், முழுவதையும் ஹில்டா அக்கா கையில் வைத்தார், விரலைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மருந்து வைத்தது அறியாமை என்றால் மன்னித்திருப்பேன். அந்த ஈ பெட்டியிலும் உட்கார்ந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா வாயருகே கொண்டுபோன துண்டைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"பாதிய நீங்க தின்னுங்க."

"ஏளா, ஆளுக நிக்காவ. உள்ள போ."

"தின்னுங்க. நான் போயிருதேன்."

வாடிக்கைக்காரர்கள் ஈயைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், வேறு என்ன செய்ய என்று ஏதோ முனகினார். துண்டை வாங்கவில்லை. நான் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். ஹில்டா அக்கா இரண்டையும் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையைச் சேலையில் தேய் தேய் என்று தேய்த்தபடி படியிறங்கிப் போய்விட்டார். கடைப் பலகைகளை நானே எடுத்து அடைத்தேன். அவர் தடுக்கவில்லை. திறந்திருந்த பெட்டிகளைக் கொல்லையில் குழிவெட்டிப் புதைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குஞ்சைத் தவிர வேறு வேலை இல்லை. முதல் நாள் விட்ட தண்ணீர் கன்னத்தில் வழிந்து போனது. இரண்டாம் நாள் ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. மூன்றாம் நாள் ஒரு கண் பாதி திறந்தது. அவர் இருக்கிற பக்கமே நான் திரும்பவில்லை, சோற்றை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தேன். ஆறாம் நாள் காலை வெயிலில் அது பச்சையாகி, நான் நீட்டிய வெட்டுக்கிளியைப் பிடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொழச்சிட்டா?" என்று கேட்டார்.

"அது பொழச்சிட்டு" என்றேன், அவர் பக்கம் திரும்பாமலே.